சின்னவள் எடுத்த வெள்ளிக்காசு

அன்புள்ள தம்பிக்கு,

உன் சின்னவள் வயலில் கண்டெடுத்த காசென்று நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி வடிவாகப் பார்த்தேன். ஒரு பக்கம் முடி தரித்த பக்கவாட்டு முகம், முன்னால் செங்கோல். மறுபக்கம் விளிம்பு வரை நீண்ட சிலுவை, இடைவெளிகளில் நாலு நட்சத்திரம். ஸ்கொட்லாந்து அரசன் மூன்றாம் அலெக்சாண்டர் 1280இலிருந்து அடித்த வெள்ளிப் பெனி போலத்தான் தெரிகிறது. அதே காலத்து இங்கிலாந்துக் காசு என்றால் அரசன் நேரே எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். எழுநூறு வருடத்துக்கு முந்திய காசு அது என்று சின்னவளிடம் சொல்லு. எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "ஒற்றைக் காசுதானே அம்மா, நாங்களே வைத்திருக்கலாம்தானே?" என்றாய். இங்கே இங்கிலாந்தில், நோர்போக்கில் என்றால் வைத்திருக்கலாம். 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி 300 வருடத்துக்கு மேற்பட்ட பொன், வெள்ளிக் காசுகள் ஓரிடத்தில் குறைந்தது இரண்டு கிடைத்தால்தான் புதையல். செம்புக்காசு என்றால் பத்து வேண்டும். அப்படிக் கிடைத்தால் 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். ஒற்றைக் காசு பொதுவாக அந்தக் கணக்கில் வராது. ஆனால் நீ இப்போது இருப்பது ஸ்கொட்லாந்தில். அங்கே மண்ணிலிருந்து வருகிற பழம்பொருள், ஒற்றைக் காசாக இருந்தாலும், அரச முடிக்கு, அதாவது அரசுக்கு உரியது. எடின்பரோவில் தேசிய அருங்காட்சியகத்தோடு இயங்கும் புதையல் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். ஏதாவது ஒரு அருங்காட்சியகம் கேட்டால் எடுத்துக்கொண்டு சன்மானம் தருவார்கள். வேண்டாம் என்றால் திருப்பித் தருவார்கள். இது அப்படியொன்றும் அரிய வகை இல்லை, திரும்பி வரக்கூடும்.

திரும்பி வராவிட்டாலும் கொடு. சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை.

2015இல் நடந்த இரண்டு கதை உனக்குத் தெரியும், ஆனாலும் அவளுக்குச் சொல்வதற்காக எழுதுகிறேன். ஒக்ஸ்போர்ட்ஷயரில் வோட்லிங்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒருவருடைய உலோகம் தேடும் கருவி சத்தம் போட்டது. வடக்கிலிருந்து கடல்வழி வந்து தாக்கிய வைக்கிங்குகளின் காலத்து வெள்ளி என்று கண்டதும் அவர் தோண்டுவதை நிறுத்திவிட்டு அறிவித்தார். தொல்லியலாளர்கள் வந்து மண்ணோடு சேர்த்து ஒரே கட்டியாகத் தூக்கினார்கள். ஏறக்குறைய 200 காசு. இப்போது ஒக்ஸ்போர்ட் அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே வருடம் ஹெரிபோர்ட்ஷயரில் லெம்ஸ்டருக்குப் பக்கத்தில் இரண்டு பேருக்கு அதைவிடப் பெரியது கிடைத்தது, 300 காசு வரை இருக்கும் என்கிறார்கள். அவர்கள் சட்டப்படி அறிவிக்காமல் பிரித்து விற்றார்கள். 2019இல் சிறைக்குப் போனார்கள். காசுகளில் முப்பது சொச்சம்தான் மீண்டது.

எனக்கு வயிறு எரிவது பணத்துக்காக இல்லை. இரண்டு காசுக் குவியலிலும், அந்தக் கால இங்கிலாந்தின் இரண்டு இராச்சியங்களான வெஸெக்ஸ், மெர்சியா என்பவற்றில், வெஸெக்ஸ் அரசன் ஆல்பிரட்டின் பெயரிலும் மெர்சியா அரசன் கியோல்வுல்ப்பின் பெயரிலும் ஒரே மாதிரியான காசுகள் இருந்தன: இரண்டு பேரரசர்கள் அருகருகே அமர்ந்திருக்கிற உருவம். ஆல்பிரட்டின் பக்கத்தில் எழுதிய வரலாறு கியோல்வுல்ப்பை அறிவில்லாதவன், வைக்கிங்குகளின் கையாள் என்று தள்ளிவிட்டது. காசு வேறு விதமாகச் சொல்கிறது, இரண்டு பேரும் கூட்டாளிகளாக இருந்திருக்கிறார்கள். ஆயிரத்து நூறு வருடத்துக்கு மேல் ஒரு மனுஷன் மேல் கிடந்த பழியைப் பற்றிப் பேசக்கூடிய காசுகளில் பெரும்பகுதி யார் கையில் கிடக்கிறதோ.

உன்னுடைய முதல் காசு ஞாபகம் இருக்கிறதா? பார்லி அறுத்த வயல், ஒற்றைக் கருவி, நீ ஹெட்போனைத் தரமாட்டேன் என்று அடம்பிடித்த நாள். காலையெல்லாம் சோடா டின் வளையமும் துவக்கு ரவைக்கூட்டின் பித்தளை அடியும்தான். நான் அலுத்துப்போய் வரம்பில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். நீ "அம்மா!" என்று கத்திய கத்தலில் விவசாயியின் நாய் ஓடி வந்தது. உன் உள்ளங்கையில் மூன்றாம் ஹென்றியின் பெனியில் சரிபாதி இருந்தது. உடைந்துவிட்டது என்று உனக்கு அழுகை. உடைக்கவில்லை மகனே, வெட்டியது. அந்தக் காலத்தில் சில்லறை வேண்டுமென்றால் பெனியையே சிலுவைக் கோட்டில் இரண்டாக, நாலாக வெட்டிக் கொடுத்தார்கள். 1247இல் சிலுவையை விளிம்பு வரை நீட்டியதுகூட, ஓரத்தைச் சுரண்டி வெள்ளி திருடுகிறவர்களைக் கண்டுபிடிக்கத்தான்.

அதை நோர்விச்சுக்குக் கொண்டுபோனோம். அங்கே கண்டெடுத்த பொருட்களைப் பதிகிற அலுவலர் காசைத் தராசில் வைப்பதற்கு முன்னமே உன்னைக் கேட்டது, "எந்த வயல், எந்த மூலை?" நீ வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினாய். பிறகு அதே மூலையில் இன்னும் சில வெட்டுக்காசு, ஒரு ஈய நிறைகல் என்று ஒவ்வொன்றாக வந்தபோது, அங்கே ஒரு சந்தை கூடியிருக்கலாம் என்று அவர் சொன்னார். இப்போது அங்கே கோதுமை தவிர எதுவும் இல்லை. 1997இல் தொடங்கிய கண்டெடுப்புப் பதிவுத் திட்டத்தில் 15 இலட்சத்துக்கு மேற்பட்ட பொருட்கள் இருக்கின்றன, உன் பாதிக்காசும் அதில் ஒன்று.

ஊரில் என் அப்பாவின் ரங்குப்பெட்டியில் ஒரு சேதுக்காசு கிடந்தது. நந்தி, மேலே பிறை, கீழே 'சேது' என்ற எழுத்து. யாழ்ப்பாண அரசர்கள் காலத்துக் காசு. எங்கே கிடைத்தது என்று கேட்டால் பெரியப்பா ஒரு காணியைச் சொல்வார், மாமி இன்னொரு காணியைச் சொல்வா. இரண்டு பேரும் இப்போது இல்லை. காசு என்னிடம் இருக்கிறது, நீயும் பார்த்திருக்கிறாய். அது எந்த மண்ணிலிருந்து வந்தது என்று சொல்ல இனி ஆள் இல்லை.

முகமாலையையும் நீ மறந்திருக்கமாட்டாய். யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியோரம், முகக்கவசம் போட்ட பெண் பிள்ளைகள் அந்த வெயிலில் முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாக மண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நீ வானுக்குள் இருந்து, "அம்மா, உங்கட மெஷின்!" என்றாய். எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் தேடியது மிதிவெடி. அதே சத்தம் கேட்டால் எங்களுக்குச் சந்தோஷம், அவர்களுக்கு உயிர் போகிற வேலை. பயமில்லாமல் ஒரு வயலில் நடக்க, ஒரு விவசாயி எங்களை நம்பிப் படலையைத் திறந்துவிடுவதை நான் இன்றைக்கும் சாதாரணமாக எடுப்பதில்லை.

ஆகவே செய்யவேண்டியது இவ்வளவுதான். காசைத் தேய்க்காதே, பல்துலக்கும் பிரஷ் பக்கமே போகக்கூடாது. சின்னப் பையில் போட்டு, காகிதத் துண்டில் திகதி எழுது. நீ படம் எடுத்தது குசினி மேசையில், அதனால் போன் பதிந்த இடம் வயலாக இருக்காது. மழை கிடங்கின் அடையாளத்தை அழிக்க முன்னம் அவளையும் கூட்டிக்கொண்டு திரும்பிப் போ. எடுத்த இடத்தில் நின்று அந்த இடத்தைக் காட்டும் பத்து இலக்க வரைபட எண்ணைக் குறித்துக்கொள். விவசாயிக்கும் காசைக் காட்டு, அது அவருடைய நிலம்.

அப்புறம் படிவம். கண்டெடுத்தவர் என்ற இடத்தில் உன் பெயரைப் போடாதே. அவளுடைய பெயரைப் போடு, முழுப் பெயராக. பெரியவர் ஒருவரின் கையெழுத்து வேண்டுமென்றால் கீழே நீ வை.

அன்புடன்,
அம்மா