எடுத்த வாயுவை எங்கே கொடுப்பது? மாண்ட்ரியல் நெறிமுறைப் பேராளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஓசோன் படலத்தைக் காக்க நாடுகள் செய்துகொண்ட மாண்ட்ரியல் நெறிமுறையை ஏற்றுக்கொண்ட 198 தரப்புகளின் பேராளர்களுக்கும், இந்தியாவின் சார்பில் அந்த மேசையில் அமரும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

திருச்சி உறையூரில் ஏசியும் ஃபிரிட்ஜும் பழுது பார்க்கும் சிறு கடை ஒன்றை நடத்துகிறேன். 1998இல் இத்தொழிலுக்கு வந்தேன். உங்கள் தீர்மானங்களின் எண்களெல்லாம் எனக்கு மனப்பாடமில்லை. ஆனால் நீங்கள் ஓர் அரங்கில் முடிவெடுத்தால், சில ஆண்டுகள் கழித்து அது என் கேஜ் முள்ளில் வந்து நிற்கும் என்பதை 25 ஆண்டுகளுக்கும் மேலாகப் பார்த்து வருகிறேன். ஃபிரிட்ஜையும் ஏசியையும் குளிர வைக்கும் வாயுக்கள் மாறிக்கொண்டே வந்தன: ஃபிரிட்ஜில் ஆர்-12 போய் ஆர்-134ஏ வந்தது, பிறகு ஆர்-600ஏ வந்தது. ஏசியில் ஆர்-22 போய் ஆர்-410ஏ வந்தது, இப்போது ஆர்-32. ஒவ்வொன்றையும் ஏற்றுக்கொண்டோம். ஓசோன் படலம் தேறி வருகிறது என்று படிக்கும்போது, அதில் எங்கள் கைக்கும் ஒரு பங்கு உண்டு என்ற பெருமையும் எனக்கு உண்டு. ஆகவே இதை எதிராளியின் கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சென்ற சித்திரையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு தங்கும் விடுதியில், 22 பழைய ஸ்பிளிட் ஏசிகளைக் கழற்றும் வேலை கிடைத்தது. எல்லாம் ஆர்-22 ஓடியவை. ஐந்தில் வாயு ஏற்கெனவே கசிந்து தீர்ந்திருந்தது. மீதி 17இல் இருந்ததை, அதற்கு முந்தைய ஆண்டு ஒருநாள் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடியே, ரெகவரி மெஷின் வைத்து உறிஞ்சி எடுத்தோம். மூன்றாம் மாடியில் சுவரோடு அடித்த பிராக்கெட்டில் தொங்கும் அவுட்டோர் யூனிட்டில் இதைச் செய்ய வேண்டுமானால், இடுப்பில் கயிறு கட்டிய ஒருவர் வெளியே நிற்க வேண்டும். கயிற்றையும் பதினான்கு கிலோ மெஷினையும் பிடித்தபடி இன்னொருவர் ஜன்னலுக்கு உள்ளே நிற்க வேண்டும். கட்டரால் குழாயை நறுக்கிவிட்டால் ‘புஸ்’ என்ற சத்தத்தோடு சில நிமிடங்களில் முடிந்துபோகும் வேலை, யூனிட் ஒன்றுக்கு அரை மணி நேரம் பிடித்தது. அந்த அரை மணிக்குக் கூலி தர எந்த வாடிக்கையாளரும் ஒப்புவதில்லை. இரண்டாம் நாள் விடுதி மேலாளரே வந்து, “காத்தோட போறதை எதுக்குண்ணே புடிச்சு வைக்கிறீங்க?” என்று கேட்டார். நானும் ஓசோன், வெப்பம் என்று ஏதேதோ விளக்கினேன். பாவம், பொறுமையாகத்தான் கேட்டார்.

மூன்றாம் நாள் மாலை இரண்டு சிலிண்டர்களில் 16 கிலோ ஆர்-22 சேர்ந்திருந்தது. என் அல்லல் அங்கேதான் தொடங்கியது.

முதலில், எனக்கு வழக்கமாகக் கேஸ் விற்கும் மொத்த வியாபாரியிடம் கேட்டேன். பல யூனிட்டுகளிலிருந்து எடுத்த வாயுவில் எண்ணெயும் ஈரமும் இருக்கும், வேறு வாயு கலந்திருக்கவும் கூடும், சோதித்துப் பார்க்கும் கருவி தன்னிடம் இல்லை என்றார். அது நியாயமான பதில்; அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. பயிற்சி கொடுத்தவரை அழைத்தேன். “நல்ல கேள்வி கேட்டீர்கள்” என்று பாராட்டி, மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். அலுவலகம் ஒன்றுக்குப் போனேன். மூன்று மேசை மாறிய பிறகு, “ஓசோனா? அது டெல்லி” என்று பதில் கிடைத்தது. கடைசியில் உருப்படியாகப் பேசியவர் பழைய இரும்புக்காரர் ஒருவர்தான். சிலிண்டரைக் காலி செய்து கொடுத்தால், இரும்பு விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

கத்திரி வெயில் தொடங்கியது. என் கடைக்குத் தகரக் கூரை. வெயில் ஏற ஏறச் சிலிண்டருக்குள் அழுத்தமும் ஏறும் என்பதால், அவற்றைச் சுவரோரம் நிறுத்தி, நனைத்த சாக்கைச் சுற்றி, மணிக்கொரு முறை தண்ணீர் தெளிக்கச் சொல்லிக் கடைப் பையனை வைத்தேன். கட்டட உரிமையாளர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்து, வெடிக்குமா என்று கேட்டுவிட்டுப் போனார். 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பவில்லை, வெடிக்காது என்று சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. வால்வைத் திறந்துவிட்டால் என் கவலை ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். யாரும் கேட்கப் போவதில்லை. ஒரு கிலோ ஆர்-22 ஓசோனைச் சிதைப்பதோடு, 1.8 டன் கரியமில வாயுவுக்கு நிகரான வெப்பத்தையும் பிடித்துவைக்கும் என்று பயிற்சியில் சொன்னீர்கள். வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஏறத்தாழ 780 லிட்டர் பெட்ரோலை எரித்தால் அந்த அளவு கரியமில வாயு வரும். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் போகும் என் வண்டிக்கு, பூமியைக் கிட்டத்தட்ட ஒரு சுற்றுச் சுற்றி வர அது போதும். கடையில் இருப்பதோ பதினாறு சுற்று. கணக்குத் தெரியாமல் இருந்திருந்தால் வால்வைத் திறந்திருப்பேனோ என்னவோ. தெரிந்துவிட்டது, இப்போது திறக்க மனம் வரவில்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். எடுத்த வாயுவைக் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் இடம் வேண்டும்.

இப்படி ஓர் இடம் இல்லாமல் போனதன் காரணத்தைத் தேடியபோது, உங்கள் கணக்குமுறையிலேயே அது இருப்பதாக எனக்குப் பட்டது. நெறிமுறையின்படி நுகர்வு என்பது, உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி ஏற்றுமதியைக் கழித்தால் வருவது. இந்தியாவுக்கான அட்டவணையும் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது: ஆர்-22 போன்றவற்றில் 2025இல் 67.5 சதவீதக் குறைப்பு, 2030இல் பழுதுபார்ப்புக்கான சிறு அளவு நீங்கலாக முழு நிறுத்தம், ஆர்-410ஏ, ஆர்-32 போன்ற எச்.எஃப்.சி. வாயுக்களில் 2028இல் அளவு மேலும் ஏறாமல் நிறுத்தம், 2032இல் 10 சதவீதம், இறுதியாக 2047இல் 85 சதவீதக் குறைப்பு. இவற்றில் எதையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் கடையில் விற்ற சிலிண்டர் அதற்குப் பின் எங்கே போனது, அதிலிருந்த வாயு குழாய்க்குள் இருக்கிறதா காற்றில் கலந்ததா என்ற கேள்விக்கு இந்தக் கணக்கில் ஒரு வரிகூட இல்லை. உங்கள் ஏடு மூடப்படும் இடத்தில்தான் எங்கள் வேலை தொடங்குகிறது. இன்று நான் மாட்டும் ஆர்-32 ஏசியைப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வேறொருவர் கழற்றுவார். அன்றைக்கும் அவர் கையில் கட்டர்தான் இருக்கும்.

இதெல்லாம் ஆகாத காரியம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆர்-22 தயாரிக்கும் ஆலைகளில் பக்க விளைபொருளாக வரும் எச்.எஃப்.சி-23ஐ எரித்தழிக்க வேண்டும் என்று, 2016இல் எச்.எஃப்.சி. வாயுக்களைக் குறைப்பது பற்றிக் கிகாலியில் உங்கள் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே இந்திய அரசு ஆணையிட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு வரை, இதே வாயுவை எரித்ததற்காக ஆலைகளுக்குக் கார்பன் வரவுகள், அதாவது மாசைக் குறைத்ததற்கான விற்கக்கூடிய சான்றுகள், கிடைத்தன; அவற்றை விற்றுப் பணமும் பார்த்தார்கள். எரித்துக் காசு பார்ப்பதற்காகவே சில ஆலைகள் அதை அதிகமாக உண்டாக்கின என்ற குற்றச்சாட்டு எழுந்து, ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் அந்த வரவுகளை ஏற்பதையே நிறுத்திய கதையும் உங்களுக்குத் தெரியும். ஆலை எரித்தபோது வரவு வைத்தார்கள். நான் சாக்கை நனைத்துக் காப்பாற்றும் பதினாறு கிலோவுக்கு ஒரு ரசீதுகூட எழுதித் தர ஆளில்லை. எனக்கும் ஒரு புகைபோக்கி இருந்திருந்தால் பிழைத்திருப்பேன் போலும்.

சில நாடுகளில் இந்த இடம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் வாயுவை இறக்குமதி செய்வோரிடம் கிலோவுக்கு இவ்வளவு என்று தொகை பிரித்து, அதிலிருந்து, பழைய வாயுவைத் திருப்பிக் கொடுக்கும் தொழிலாளருக்குப் பணம் தரும் அமைப்பு 1993 முதல் இயங்குகிறது. நார்வேயில் எச்.எஃப்.சி.க்கு வரி உண்டு. அழிப்பதற்காக ஒப்படைத்தால் அந்த வரி திரும்பக் கிடைக்கும். ஜப்பானில் 2001லேயே சட்டம் வந்துவிட்டது. எங்களுக்குப் பயிற்சி வந்தது, சான்றிதழ் வந்தது, செப்டம்பர் 16ஆம் தேதி பூமிக்குக் குடை பிடிக்கும் ஓவியப் போட்டி வந்தது. இந்தியக் குளிர்விப்புச் செயல் திட்டம் 2019இல் வெளியானபோது, ஒரு லட்சம் தொழிலாளர்களுக்குப் பயிற்சியும் சான்றும் தருவதாக அறிவித்தார்கள். நல்ல திட்டம். அந்த ஒரு லட்சம் பேரும் பயிற்சியில் கற்றபடியே வாயுவை எடுத்தால், ஒரு லட்சம் பேரும் சிலிண்டரோடு எங்கே போய் நிற்பது என்பதை மட்டும் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாயு மாறும்போதெல்லாம் மாறுவது பெயர் மட்டும் இல்லை. புதிய கேஜ், புதிய ஹோஸ், புதிய எண்ணெய், புதிய வேக்யூம் பம்ப் என்று என் முதலீடு மாறுகிறது. ஆர்-32 தீப்பற்றக்கூடியது, ஆர்-290 சமையல் எரிவாயுவின் உறவுக்காரன். இவற்றை வைத்துக்கொண்டு மூன்றாம் மாடிச் சுவரில் தொங்குபவனுக்குக் காப்பீடு இருக்கிறதா என்று எந்தக் கூட்டத்திலாவது கேட்டிருக்கிறீர்களா? எந்த ஆண்டின் அளவிலிருந்து குறைப்பைக் கணக்கிடுவது, அதாவது அடிப்படை ஆண்டு எது என்பதற்காக விடிய விடிய விழித்திருந்து பேசியவர்கள், கயிற்றின் மறுமுனையைப் பிடிப்பது யார் என்றும் ஒரு பத்து நிமிடம் பேசியிருக்கலாம். உங்கள் கூட்ட அரங்கை யார் குளிர வைக்கிறார்கள், அந்த யூனிட்டுகளின் பழைய வாயு எங்கே போனது என்று ஒருமுறை மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

மன்னிக்க வேண்டும். கேட்க வந்தது அதையில்லை.

வாயுவின் வாழ்நாள் முழுவதற்குமான மேலாண்மை பற்றி, 2024இல் பாங்காக்கில் கூடியபோது நீங்கள் பேசியிருக்கிறீர்கள் என்று அறிகிறேன். பயன்படுத்தி மிஞ்சிய வாயுவின் இருப்பைக் கணக்கெடுக்கவும், சேகரிக்கத் திட்டம் தீட்டவும், வளரும் நாடுகளுக்கு உதவ நெறிமுறையின் கீழ் அமைந்த பல்தரப்பு நிதியம் பணம் தரத் தொடங்கியிருக்கிறது என்றும் படித்தேன். 2024 முதல் 2026 வரையிலான மூன்றாண்டுகளுக்கு அந்த நிதியத்துக்கு நீங்கள் ஒதுக்கிய தொகை 96.5 கோடி டாலர். அதில் கணக்கெடுப்புக்கும் அறிக்கைக்கும் போக மிஞ்சுவதில், மாவட்டத்துக்கு ஒன்றாக இல்லாவிட்டாலும், சில மாவட்டங்களுக்கு ஒன்றாகவாவது ஒரு சேகரிப்பு நிலையம் அமைக்க வழி செய்யுங்கள். அங்கே வாயுவைச் சோதிக்கும் கருவி ஒன்றும், எடை போடத் தராசு ஒன்றும், கிலோவுக்கு இவ்வளவு என்று எழுதி ஒட்டிய பலகை ஒன்றும் இருந்தால் போதும். சுத்திகரிக்கக்கூடியதைச் சுத்திகரித்து எங்களுக்கே விற்கலாம். புதிய ஆர்-22 அரிதாகிவரும் இந்நாளில் நாங்களே வாங்கிக்கொள்வோம். ஆகாததை எரித்தழிக்கலாம். அழித்ததை உற்பத்தியிலிருந்து கழித்துக்கொள்ள உங்கள் வரையறையே இடம் தருகிறது.

இந்தியப் பேராளர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். குளிர்சாதனங்களும் அடங்கிய மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளன. ஆனாலும் எங்கள் தெருவுக்குப் பழைய ஏசி வாங்க வருபவர் இன்றும் தள்ளுவண்டியோடு வரும் அதே மனிதர்தான்; செம்புக் குழாய்க்காக அவர் முதலில் வெட்டுவது வாயு இருக்கும் இடத்தைத்தான். அவரைப் பிடித்து அபராதம் போட வேண்டாம். வெட்டுவதற்கு முன் வாயுவை எடுத்துக் கொடுத்தால் செம்பைவிட நாலு காசு கூடுதலாகக் கிடைக்கும்படி செய்யுங்கள். மீதியை அவரே பார்த்துக்கொள்வார். அடுத்த கூட்டத்தில் பேசும்போது, எடுத்த வாயுவைக் கொடுக்க ஓர் இடம் என்பதை இந்தியாவின் கோரிக்கையாகவே முன்வைக்க வேண்டுகிறேன்.

கணக்கெடுப்பவர் யாரேனும் திருச்சிப் பக்கம் வந்தால், என் பதினாறு கிலோவையும் தயவுசெய்து எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு சிலிண்டர்களும் கடையின் மேற்குச் சுவரோரம், சாக்குச் சுற்றியபடி இருக்கின்றன. அடுத்த கத்திரிக்கு முன்பாகப் பதில் கிடைத்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குளிர்சாதனப் பழுது பார்ப்பவன் ஒருவன்,
உறையூர், திருச்சி