குழந்தை உரிமைக் கண்காட்சிக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் நாங்கள் வைத்த குழந்தை உரிமைக் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. மண்டபம் தந்தவர்கள், கண்ணாடிப் பெட்டிகளை இரவல் கொடுத்தவர்கள், பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் பொருள்களைச் சுமந்து வந்த தம்பிகள் எல்லாருக்கும் நன்றி.

ரப்பர் தோட்டத்துப் பாட்டிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 1989இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையில் 54 பிரிவுகள். அவற்றை அப்படியே அச்சடித்து ஒட்டியிருந்தால் எந்தப் பிள்ளை நின்று படிக்கும்? நீங்கள் அனுப்பிய ரப்பர் பால்வாளியையும், வாளிகளை மாட்டித் தோளில் தூக்கும் காண்டாக் கம்பையும் பார்த்துத்தான் நின்றார்கள். வெறும் வாளிகளையே தோளில் தூக்க முடியாத ஒரு பையன், "இதைத் தூக்குனப்ப உங்களுக்கு என்ன வயசு, பாட்டி?" என்று கேட்டான். "உன் வயசுதான்யா." விடிகாலையில் அம்மாவோடு பால்மரக்காட்டுக்குப் போனது, மரத்துப் பால் வடியும் மங்கு துடைத்தது, தம்பியைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் விட்டது என்று பாட்டி சொல்லிக்கொண்டே போனார். குழந்தை உழைப்பைப் பற்றிய 32ஆவது பிரிவை அதற்குப் பிறகுதான் படித்துக் காட்டினோம். ஏழு முதல் பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமே சொன்னது. சட்டம் இருந்தும் பாட்டியின் படிப்பு பாதியில் நின்றது. இதைப் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஃபார்க்குவார் தெருவுக்குப் பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போன ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாவுக்கு நன்றி. அங்குள்ள மாநில அருங்காட்சியகக் கட்டடத்தில் ஒரு காலத்தில் பினாங்கு ஃபிரீ ஸ்கூல் இயங்கியது. 1816இல் நம் நாட்டில் தமிழ் வகுப்பைத் தொடங்கியது அந்தப் பள்ளிதான்.

அடுத்தது, பெயரை மறைத்துத் தன் மகனின் பிறப்புப் பத்திர நகலைக் கொடுத்த அம்மாவுக்கு. அதில் 'புக்கான் வார்கானெகாரா' என்று இருக்கிறது. குடியுரிமை இல்லாத பிள்ளை. இதை வைக்கலாமா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. வைத்ததுதான் சரி என்று உறுதியாக நினைக்கிறேன். பெயருக்கும் நாட்டுரிமைக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிமை உண்டு என்கிறது 7ஆவது பிரிவு. 1995இல் உடன்படிக்கையில் இணைந்தபோது மலேசியா முழுமையாக ஏற்காத பிரிவுகளில் அதுவும் ஒன்று. "இங்கேயே பிறந்தவன்தானே, அக்கா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். பெரியவர்களிடம் பதில் இல்லை. அம்மா, உங்கள் துணிச்சலுக்குக் கைகூப்புகிறோம்.

விளக்க அட்டைகளை மாணவர்களையே எழுதவிட்டு, எழுத்துப்பிழையை மட்டும் திருத்திய ஆசிரியைக்கும், ஆபத்தில் இருக்கும் பிள்ளைகள் அழைக்கக்கூடிய 15999 உதவி எண்ணைச் சிறு பிள்ளைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் ஒட்டிய சமூகநல ஊழியருக்கும் நன்றி.

இரவல் பொருள்களை வேனில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம், யாரும் அலைய வேண்டாம். அப்புறம், பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளி அடுத்த கண்காட்சிக்கு அழைத்திருக்கிறது. குடியுரிமை மனு எழுதத் தெரிந்த ஒருவர் அன்று ஒரு மேசை போட்டு உட்கார்ந்தால் பெற்றோருக்குப் பெரிய உதவியாக இருக்கும். முடிந்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
கண்காட்சிக் குழுவின் சார்பில்