துறவியின் தலையில் ஐந்து நிமிடம்

பேர்ண், சுவிஸ்
ஆவணி 18

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை. மூத்தவளுக்குக் கலியாணம் முற்றானதில் எங்கள் இருவருக்கும் பெரிய சந்தோஷம். பதில் பிந்தியதற்குக் காரணம், இந்த வயதில் மலை ஏறப் போனேன். சிரிக்காதே.

வானம் வெளித்தால் எங்கள் பல்கனியில் இருந்தே மூன்று மலை வரிசையாகத் தெரியும்: ஐகர், மொன்ஷ், யுங்ஃபிராவ். பூதம், துறவி, கன்னி. பூதம் கன்னியிடம் போகாமல் துறவி நடுவில் நிற்கிறாராம், இங்குள்ளவர்கள் சொல்லும் கதை. நான் போனது துறவியிடம். மூன்றிலும் லேசு என்றார்கள்.

பாதி வேலையை ரயில் செய்துவிடும். ஐகரையும் மொன்ஷையும் குடைந்த சுரங்கப்பாதை, 1912 இல் திறந்தது. இறங்கும் இடம் 3,454 மீட்டர். நம் இலங்கையின் மிக உயர்ந்த மலை பிதுருதலாகலையை விட 900 மீட்டருக்கு மேல் உயரம்.

ஐகருக்குள் போகும்போது மனம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. 1936 இல் அதன் வடசுவரில் நான்கு பேர் ஏறினார்கள். கடைசியில் மிஞ்சியவன் டோனி குர்ட்ஸ், கயிற்றில் தொங்கினான். மீட்க வந்தவர்கள் இந்தச் சுரங்கத்தின் வாசல் வழியாகத்தான் வெளியே போனார்கள். அவன் கயிற்றில் இறங்கி வரும்போது, இரண்டு கயிற்றை இணைத்த முடிச்சு அவனுடைய இரும்பு வளையத்துக்குள் போகாமல் சிக்கிவிட்டது. சில மீட்டர் கீழே அவர்கள் நிற்க, அவன் உயிர் போனது. ஒரு முடிச்சு, மச்சான்! அந்தச் சுவரை 1938 இல்தான் ஏறி முடித்தார்கள். நாங்கள் அதற்குள் இருந்து சொக்லேட் சாப்பிட்டுக்கொண்டு போகிறோம்.

காலையில் பேர்ணில் இருந்தவன் மத்தியானமே அந்த உயரத்துக்குப் போனது என் பிழை. இரவு மலைவிடுதியில் தலை வெடித்தது, சூப்பைக்கூடத் தொடவில்லை.

விடிய முன்னர் தென்கிழக்கு முகட்டில் ஏறத் தொடங்கினோம். கொஞ்சம் பாறை, கொஞ்சம் பனி, திரும்பப் பாறை. சப்பாத்தில் மாட்டிய இரும்புப் பல் கல்லில் கீறும் சத்தம், சிலேட்டில் நகம் இழுப்பது போல. அது பரவாயில்லை. கடைசித் துண்டுதான் பயம்: வயல் வரம்பு அகலத்தில் பனி, இரண்டு பக்கமும் பள்ளம். விளிம்பு என்று தெரிவது சில இடங்களில் அந்தரத்தில் நீட்டிய வெறும் பனிக்கூரை, மிதித்தால் கதை முடிந்தது. கயிற்றின் மறுமுனையில் வழிகாட்டி. "நான் இடப்பக்கம் விழுந்தால் நீ வலப்பக்கம் பாய்" என்றான். பகிடி என்று முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை. அப்போதுதான் கயிறு முகட்டில் மாட்டி இருவரையும் தாங்குமாம்.

சிவனொளிபாதமலையில் என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாயே, அந்த முதுகுதான் நினைவுக்கு வந்தது.

உச்சி 4,100 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். நின்றது ஐந்து நிமிடம். தெற்கே அலெட்ஷ் பனியாறு வெள்ளைத் தார்ரோட்டு மாதிரி வளைந்து போகிறது. எங்கள் பல்கனி இருக்கும் திசையைத் தேடினேன். அங்கே முழுக்க முகில்.

இறங்கியதில் இடது முழங்கால் வீங்கிவிட்டது. இவள் இன்னும் என்னை ஏசி முடிக்கவில்லை. கலியாணத் திகதியை உடனே எழுது, டிக்கெட் போட வேண்டும். அப்புறம், அம்மாவிடம் இந்த மலைக் கதையைச் சொல்லிவிடாதே.

அன்புடன்,
உன் சிவா