பில்லில் இனி எஃகின் தரத்தையும் எழுதுகிறோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்த மாதம் முதல் எங்கள் கடையில் வாங்கும் ஒவ்வொரு டிரில் பிட், மரை வெட்டும் டேப், துளையைச் சீராக்கும் ரீமர், லேத் டூல் பிட் ஆகியவற்றின் பில்லிலும் அளவோடு எஃகின் தரமும் எழுதப்பட்டிருக்கும். இதுவரை ‘எச்எஸ்எஸ்’ (ஹைஸ்பீட் ஸ்டீல்) என்று மட்டும் எழுதி வந்தோம். இனி எம்2, எம்35, எம்42 என்று பெயர் சொல்லி எழுதுவோம். ஒரே அளவுள்ள 8 மி.மீ. பிட் ஒன்றின் விலை இன்னொன்றைப்போல் இரண்டு, மூன்று மடங்கு ஏன் என்று பலர் கேட்கிறீர்கள். கல்லாவில் நின்றபடி அவசரமாகச் சொல்லி முடிக்கிற பதில் அல்ல அது. அதனால் இந்த மடல்.

ஹைஸ்பீட் ஸ்டீல் மற்ற எஃகைவிடக் கடினமானது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். குளிர்ந்த நிலையில் அது முழு உண்மை அல்ல. நன்றாகக் கடினப்படுத்திய சாதாரணக் கார்பன் எஃகுப் பிட்டும் எம்2 பிட்டும் கடையில் அரம் வைத்துத் தேய்த்துப் பார்த்தால் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு சூட்டில்தான் தெரியும். கார்பன் எஃகு 200, 250 டிகிரி செல்சியசைத் தாண்டியதும் வேகமாக இளகத் தொடங்குகிறது. ஹைஸ்பீட் ஸ்டீல் 550, 600 டிகிரி வரையிலும் தன் கூர்மையைக் காத்து நிற்கிறது. துளை போடும்போது பிட்டின் நுனியில் எழும் சூட்டைப் பார்த்தவர்களுக்கு இதன் மதிப்புப் புரியும். சூட்டைத் தாங்குவதால் வேகமாக வெட்டலாம். பெயரே அப்படி வந்ததுதான்.

1868-இல் இங்கிலாந்தில் ராபர்ட் முஷெட் என்பவர் டங்ஸ்டன் கலந்த எஃகைக் கொண்டுவந்தார். பிறகு அமெரிக்காவின் பெத்லகேம் எஃகு ஆலையில் டெய்லர், வைட் இருவரும் அத்தகைய எஃகை உருகுநிலைக்குச் சற்றுக் கீழே வரை காய்ச்சிக் கடினப்படுத்தும் முறையைக் கண்டார்கள். 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் அந்த டூலை லேத்தில் மாட்டி ஓட்டிக் காட்டியபோது, நுனி மங்கிய சிவப்பாகக் கனன்றபடியே இரும்பைச் சீவியது. அன்றைய பட்டறைக்காரர்களுக்கு அது நம்ப முடியாத காட்சி.

அந்தப் பரம்பரையில் வந்த பழைய தரம் டி1. அதில் டங்ஸ்டன் 18, குரோமியம் 4, வனேடியம் 1 சதவீதம். இரண்டாம் உலகப் போரின்போது டங்ஸ்டன் கிடைப்பது அரிதானதால் மாலிப்டினம் சேர்த்த தரங்கள் பரவின. இன்று நாம் அதிகம் விற்கும் எம்2 அந்த வகை: டங்ஸ்டன் 6, மாலிப்டினம் 5, குரோமியம் 4, வனேடியம் 2 சதவீதம், கார்பன் ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. எம்35 என்பது ஏறத்தாழ எம்2-உடன் 5 சதவீதம் கோபால்ட். எம்42-இல் கோபால்ட் 8, மாலிப்டினம் ஒன்பதரை சதவீதம். கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் எம்2 பிட்டுகள் பெரும்பாலும் 62 முதல் 65 வரை இருக்கும். எம்42 அதற்கும் மேலே, 67, 68 வரை போகும். கோபால்ட் கூடும்போது சூடு தாங்கும் வலிமையும் விலையும் கூடுகின்றன, அதோடு நொறுங்கும் குணமும் கூடுகிறது. எம்42 பிட்டைக் கையால் பிடிக்கும் மெஷினில் மாட்டிச் சாய்த்து அழுத்தினால் பட்டென்று முறிந்துவிடும். ‘விலை அதிகம், அதனால் எல்லா வேலைக்கும் நல்லது’ என்று யாரும் எம்42 வாங்க வேண்டாம். கேட்டாலும் வேலை என்னவென்று தெரிந்துகொண்ட பிறகே எடுத்துத் தருவோம்.

நம் ஊரில் எந்த வேலைக்கு எது? கிரில், கேட், மைல்ட் ஸ்டீல் தகடு, சேனல் வேலைகளுக்கு எம்2 தாராளமாகப் போதும். கடலூர் முதுநகர்த் துறைமுகத்துப் படகுகளுக்கு ஸ்டெயின்லெஸ் ஷாஃப்டும் போல்ட்டும் செய்பவர்கள் எம்35 எடுங்கள். ஸ்டெயின்லெஸ் தேய்க்கத் தேய்க்க இறுகும் உலோகம். பிட் வெட்டாமல் ஒரு நொடி உரசிக்கொண்டு நின்றாலும் அந்த இடம் கெட்டியாகி, அடுத்த சுற்றில் பிட்டையே தின்றுவிடும். வேகத்தைக் குறையுங்கள், அழுத்தத்தை விடாதீர்கள், எண்ணெய் ஊற்றுங்கள்.

வேகம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்களிடம் திரும்பி வரும் கருகிய பிட்டுகளில் பெரும்பாலானவை எஃகின் குறையால் கருகியவை அல்ல. மைல்ட் ஸ்டீலுக்கு எச்எஸ்எஸ் பிட்டின் விளிம்பு வேகம் நிமிடத்துக்கு 25 மீட்டர், ஸ்டெயின்லெஸுக்கு 12 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 8 மி.மீ. பிட்டுக்கு இது மைல்ட் ஸ்டீலில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1000 சுற்று, ஸ்டெயின்லெஸில் 500-க்கும் குறைவு. 2800 சுற்றில் ஓடும் கை மெஷினில் அதே பிட்டை மாட்டினால் விளிம்பு 70 மீட்டர் வேகத்தில் போகிறது. எந்த எம்2-ம் அதைத் தாங்காது. வேகம் குறைக்கும் வசதியுள்ள மெஷின் இல்லாதவர்கள் பெரிய துளையைத் தூண் டிரில்லிங் மெஷினில் போடுங்கள். பெல்ட்டை எந்தப் புல்லியில் மாட்டினால் எத்தனை சுற்று என்று கேட்டால் கணக்குப் போட்டு எழுதித் தருகிறோம்.

தேய்ந்த பிட்டைத் தூக்கி எறியாதீர்கள். வெட்டும் பகுதி முழுவதும் ஒரே எஃகு. சாணை பிடிக்கப் பிடிக்கப் புது முனை கிடைக்கும். வெள்ளை அலுமினா சாணைக்கல்லில் மென்மையாகப் பிடியுங்கள். பச்சைக்கல், எஃகைவிடக் கடினமான டங்ஸ்டன் கார்பைடு டூல்களுக்கானது. நுனி கொஞ்சம் நீலமானால் கார்பன் எஃகு கெட்டுவிடும். எச்எஸ்எஸ் அந்தச் சூட்டில் கெடாது. ஆனால் கன்றிச் சிவந்ததைத் தண்ணீரில் முக்கினால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும், பிறகு வேலையின் நடுவில் முனை உதிரும். உடைந்த பிட்டை உலையில் காய்ச்சி உளியாக அடிக்கும் பழக்கமும் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். எம்2-ஐக் கடினப்படுத்த 1200 டிகிரியை ஒட்டிய, அளவு தவறாத சூடு வேண்டும். அதன்பிறகு 550 டிகிரியை ஒட்டி இரண்டு மூன்று முறை மறுபடி சூடேற்றி ஆறவிட வேண்டும். அந்த மறுசூட்டில்தான் நுண்ணிய கார்பைடு துகள்கள் எஃகுக்குள் பிரிந்து நின்று, சூடு தாங்கும் பலத்தைத் தருகின்றன. கரி உலையில் கண்ணளவில் இது நடக்காது.

தங்க நிறம் கண்டு ஏமாற வேண்டாம். அது டைட்டானியம் நைட்ரைடு பூச்சாக இருந்தால் நல்லதே. சீவல் ஒட்டாமல் வழுக்கும், தேய்மானம் குறையும். ஆனால் நிறம் எஃகின் தரத்தைச் சொல்லாது. உள்ளே சாதாரண எஃகு இருந்தாலும் வெளியே பொன்னாகப் பளபளக்க முடியும். சந்தேகம் வந்தால் பிட்டின் பின்முனையைச் சாணைக்கல்லில் லேசாகத் தொட்டுப் பாருங்கள். கார்பன் எஃகு வெளிர் மஞ்சளில் மத்தாப்பு போலக் கிளைவிட்டுத் தெறிக்கும். டங்ஸ்டன் உள்ள எச்எஸ்எஸ்ஸின் பொறி மங்கிய செம்மஞ்சள், குறைவானது, கிளை பிரியாதது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பெரிய பிட்டுகளில் தண்டுப் பகுதி வேறு எஃகாக இருந்து வெட்டும் பகுதியோடு பற்றவைக்கப்பட்டிருக்கலாம். அவற்றில் வெட்டும் பகுதியில்தான் பார்க்க வேண்டும்.

கார்பைடு டூல்கள் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்கிறேன். கார்பைடு இன்னும் கூடுதல் சூடு தாங்கும், பல மடங்கு வேகத்தில் வெட்டும். அதிர்வில்லாத, கட்டுறுதியான மெஷினில் அதற்கு நிகரில்லை. ஆனால் தேய்ந்த படுகையுள்ள பழைய லேத்தில், விட்டு விட்டு வெட்டும் வேலையில், கையால் திருகும் டேப்பில் அது நொறுங்கும். நம் சுற்றுவட்டாரப் பட்டறைகளில் பாதி வேலை இந்த வகைதான். அங்கே எச்எஸ்எஸ்தான் பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து.

கடைசியாக ஒன்று. குரோமியம் 4 சதவீதம் இருப்பதால் துருப்பிடிக்காது என்று எண்ண வேண்டாம். துருவைத் தடுக்க அதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் வேண்டும். கடலூர் உப்புக்காற்றில் திறந்து வைத்த டேப்பின் பல்லில் மழைக்காலத்தில் விரைவிலேயே செம்மை படியும். வேலை முடிந்ததும் துடைத்து, எண்ணெய் தடவி, மூடி வையுங்கள்.

பழைய பில்லோடு வருபவர்களுக்கும், கையிருப்பில் உள்ள பிட்டின் தரத்தைப் பொறி பார்த்துச் சொல்கிறோம், கட்டணம் இல்லை. தரத்தின் பெயர் எழுதாத பில் எங்கள் கடையிலிருந்து உங்களுக்கு வந்தால் உடனே திருப்பிக் கொண்டுவந்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கடை உரிமையாளர்,
கடலூர்