சிவப்பு நூலை மறந்துவிட்டாய்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய திரைக்கதை கிடைத்தது. முதல் பக்கத்தில் உன் பெயரைப் பார்த்த சந்தோஷத்திலேயே முதல் தடவை படித்து முடித்துவிட்டேன். அதனால் மறுபடி நிதானமாகப் படித்தேன்.

41-ஆம் சீனில்தான் மனம் ஒட்டவில்லை. தொலைந்துவிட்டது என்று தம்பி சொன்ன கைக்கடிகாரத்தை உண்மையில் அவனே விற்றுவிட்டான் என்று அக்காவுக்குத் தெரியவரும் இடம். அவன் உட்கார்ந்து நான்கு பக்கம் பேசி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான். வசனம் நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் அக்கா தானாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. அவளுக்கும் நமக்கும் சேர்த்து அவனே சொல்லி முடித்துவிடுகிறான்.

பில்லி வைல்டரும் ஐ.ஏ.எல். டயமண்டும் எழுதிய 'தி அபார்ட்மென்ட்' (1960) படம் நினைவிருக்கிறதா? பாக்ஸ்டர் என்ற இன்சூரன்ஸ் கம்பெனி குமாஸ்தா, மேலதிகாரிகளின் ரகசியச் சந்திப்புகளுக்குத் தன் வீட்டுச் சாவியைக் கொடுக்கிறான். வீட்டில் கிடந்த ஒரு பவுடர் டப்பாவைப் பெரிய அதிகாரியிடம் திருப்பிக் கொடுக்கும்போது, உள்ளே கண்ணாடி உடைந்திருப்பதைச் சொல்கிறான். அவ்வளவுதான், கதை வேறு பக்கம் போய்விடுகிறது. அப்புறம் அலுவலகத்தில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டம். தான் மனதுக்குள் விரும்புகிற, லிப்ட் இயக்கும் பெண்ணிடம் புதுத் தொப்பியைப் போட்டுக் காட்டுகிறான். பார்த்துக்கொள்ளச் சொல்லி அவள் தன் பவுடர் டப்பாவை நீட்டுகிறாள். அதே உடைந்த கண்ணாடி. விரிசலுக்கு இரண்டு பக்கமும் அவன் முகம்.

கண்ணாடி உடைந்திருக்கிறதே என்று மட்டும் சொல்கிறான். தெரியும், இப்படி இருப்பதுதான் எனக்குப் பிடிக்கும், என் மனநிலையையே காட்டுகிறது என்கிறாள். அவள் தன் துக்கத்தைச் சொல்கிறாள். அவன் காதில் விழுவது வேறு: அதிகாரியோடு தன் வீட்டுக்கு வந்தவள் இவள்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரியாது. ஆனால் நமக்குத் தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்கிறது.

உன்னிடமும் அப்படி ஒரு கண்ணாடி இருக்கிறது, கண்ணு. 7-ஆம் சீனில் அறுந்துபோன கடிகார வாரை அக்கா சிவப்பு நூலால் தைக்கிறாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்புறம் அந்த நூல் கதையில் எங்குமே வரவில்லை. யாரோ ஒருவர் கையில் அந்தச் சிவப்புத் தையலை அவள் பார்க்கட்டும். தம்பி பக்கத்திலேயே நின்று வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கட்டும்.

அவளுக்கு முன்பே நமக்குத் தெரிந்திருந்தாலும் தப்பில்லை. ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'இகிரு' (1952) படம் கதாநாயகனின் எக்ஸ்ரேயோடு தொடங்குகிறது. அந்த மனிதருக்கு வயிற்றில் புற்றுநோய், அது அவருக்கே இன்னும் தெரியாது என்று கதைசொல்லி முதலிலேயே சொல்லிவிடுகிறார். அதன் பிறகு அவர் காகிதங்களில் முத்திரை குத்துவதைக்கூட நம்மால் சும்மா பார்க்க முடிவதில்லை.

கிளைமாக்ஸைப் பற்றி ஒன்று. தம்பி வீட்டை விட்டுப் போகும்போது எல்லாரும் அழுகிற அந்த ஆறு பக்கம் வேண்டுமா என்று யோசி. இன்னொரு ஜப்பானிய இயக்குநர் ஓசுவும் கோகோ நோதாவும் எழுதிய 'லேட் ஸ்ப்ரிங்' (1949) படம் முழுக்க மகளின் கல்யாணப் பேச்சுதான். ஆனால் கல்யாணத்தையும் காட்டவில்லை, மாப்பிள்ளையின் முகத்தையும் காட்டவில்லை. மணக்கோலத்தில் மகளைப் பார்க்கிறோம். கடைசியில் வெறும் வீட்டில் அப்பா தனியாக உட்கார்ந்து ஆப்பிள் தோல் சீவுகிறார். தோல் நீளமாக வந்துகொண்டே இருக்கிறது, சட்டென்று கை நின்றுவிடுகிறது. நீ படிக்கப் போன வருஷம் அதைப் பார்த்தேன். பாதியில் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அதற்காக எல்லா வசனத்தையும் வெட்டிவிடாதே. 23-ஆம் சீனில் அக்கா கோபத்தில் பொரிந்து தள்ளுகிறாளே, அதில் ஒரு வரியைக்கூடத் தொடாதே. அவள் பேசித்தான் ஆக வேண்டிய இடம் அது.

சரி, முழுசாக மாற்றி எழுத அவசரப்படாதே. 41-ஐ மட்டும் எழுதி அனுப்பு. எத்தனை மணிக்கு வந்தாலும் அன்றைக்கே படித்துவிடுவேன்.

அன்புடன்,
அப்பா