குளிர்காலத்தில் புறா முட்டையிட வேண்டுமானால்

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஜோடி சேர்த்து மூன்று வாரங்களாகியும் பெண் புறாக்கள் முட்டையிடவில்லை என்றும், குளிர்தான் காரணமாக இருக்கும், கூண்டுக்குள் ஹீட்டர் வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறாய். வேண்டாம் அம்மா. இறகு காய்ந்திருந்து, இரை வயிறார இருந்து, கூண்டில் ஈரமும் நேராக வீசும் காற்றும் இல்லாமல் இருந்தால், உறைபனியைக்கூட புறா தாங்கிக்கொள்ளும். அதன் முட்டையை நிறுத்தி வைப்பது பகலின் குறுக்கம்தான்.

பறவைகளின் மூளைக்குள்ளேயே ஒளியை உணரும் செல்கள் உண்டு. மண்டையோட்டைத் தாண்டி உள்ளே செல்லும் வெளிச்சம் நாள்தோறும் நீண்ட நேரம் நீடித்தால், அவை ஹார்மோன் சுரப்பைத் தூண்டிச் சூல்பையை வளரச் செய்கின்றன. ஆகவே இயற்கை வெளிச்சத்தையும் விளக்கு வெளிச்சத்தையும் சேர்த்து ஒரு நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் கிடைக்கும்படி செய். ஒரே நாளில் அந்த அளவுக்குப் போய்விடாதே. சில நாட்களுக்கு ஒருமுறை அரை மணி நேரம் கூட்டி, ஜோடி சேர்ப்பதற்கு ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிடு. கூட்டும் நேரத்தின் பெரும்பகுதியை விடியலுக்கு முன்னால் வைப்பது நல்லது, ஏனென்றால் இரவில் விளக்கு திடீரென அணைந்தால் தரையில் இரை பொறுக்கிக்கொண்டிருக்கும் புறா கூட்டுக்குத் திரும்ப வழி தெரியாமல் தவிக்கும், முட்டையும் குளிர்ந்துபோகும். டைமர் ஒன்றைப் பொருத்திவிட்டால் நேரம் நாளுக்கு நாள் மாறாது. இதே வெளிச்சம் ஆண் புறாக்களுக்கும் கிடைக்கட்டும். அவை தயாராகாவிட்டால் முட்டை வரும், கரு இருக்காது.

வெளிச்சம் ஏறும் அந்த வாரங்களில் ஆண்களையும் பெண்களையும் தனித்தனியே வை. பெண் புறாவை முட்டைக்குத் தயாராக்குவதில் துணையைக் கண்ணால் காண்பதற்குப் பெரும் பங்கு உண்டு. ஹாரிசன் மேத்யூஸ் என்ற ஆய்வாளர் 1939இல் வெளியிட்ட சோதனையில், துணையின்றித் தனியே வைக்கப்பட்ட பெண் புறா கண்ணாடியில் தன் உருவத்தைக் கண்டே முட்டையிட்டது. நம் கண்முன் நடக்கும் கொஞ்சலும் கூவலும் அதன் உடலுக்குள் எவ்வளவு தூரம் சென்று வேலை செய்கின்றன என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்கவில்லை. பிரித்து வைத்துச் சேர்த்த ஜோடி விரைவில் கூடும்; கூடிய ஜோடியில் எட்டு முதல் பன்னிரண்டு நாட்களுக்குள் முட்டையை எதிர்பார்க்கலாம்.

இரையில் ஒன்றைக் கவனி. கொழுத்த பெண் புறா நன்றாக முட்டையிடாது. பிரித்து வைத்திருக்கும் காலத்தில் பார்லியைக் கூட்டி இரையை இலேசாக்கு. சேர்ப்பதற்குச் சில நாட்கள் முன்பிருந்து பட்டாணி, பயறு வகைகளை ஏற்றிக்கொள். சிப்பி ஓட்டுத்தூள் கலந்த கிரிட், அதாவது இரையை அரைக்கப் புறா விழுங்கும் பொடிக்கல், எப்போதும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்து உடலில் சேர வைட்டமின் டி3 தேவை. குளிர்காலத்தில் வெயில் குறைவு, ஜன்னல் கண்ணாடியோ அதற்கு வேண்டிய புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும், ஆகவே டி3 கலந்த சத்துப்பொருளை அளவு மீறாமல் கொடு. இந்தச் சத்து குறைந்தால் முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளலாம். ஒரு பெண் புறா இறகைச் சிலிர்த்துக்கொண்டு தரையில் குந்தி முக்கினால், அதைத் தனியே வெதுவெதுப்பான, அமைதியான இடத்துக்கு மாற்றி, தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போ. முட்டையை நீயே அழுத்தி வெளியே எடுக்க முயலாதே. உடைந்தால் உயிருக்கே ஆபத்து.

முதல் முட்டை பெரும்பாலும் மாலையில் வரும். இரண்டாவது ஏறத்தாழ 44 மணி நேரம் கழித்து, மூன்றாம் நாள் பிற்பகலில் வரும். முதல் முட்டையின் மேல் தாய் உறுதியாக அமர்ந்திருக்காது, கடுங்குளிரில் அது உறைந்துவிடலாம். எனவே அதை எடுத்துப் பத்திரப்படுத்தி, போலி முட்டை ஒன்றை வைத்து, இரண்டாவது வந்ததும் இரண்டையும் சேர்த்து வை. குஞ்சுகள் பொரிந்த பிறகு, இரண்டாம் வாரத்தில் பெற்றோர் இரவில் அவற்றை மூடி உட்காருவது குறையும். அப்போது இறகு முழுதாக முளைத்திருக்காது. கூட்டில் வைக்கோல் ஆழமாக இருக்கட்டும்.

இறகு உதிர்த்து முடியாத பெண்ணை இந்தப் பருவத்தில் சேர்க்காதே. புது இறகுக்கும் முட்டைக்கும் ஒரே உடல் ஒரே சமயத்தில் சத்துக் கொடுக்க இயலாது. இப்போதிருக்கும் ஜோடிகளை நாளையே பிரித்து, விளக்கை ஏற்றத் தொடங்கு. வெளிச்சம் 14 மணி நேரத்தை எட்டியதும் எனக்கு எழுது. எந்தப் பெண்ணை எந்த ஆணுடன் சேர்ப்பது என்பதை அப்போது இருவரும் சேர்ந்து முடிவு செய்வோம்.

அன்புடன்,
அப்பா