கேஸ் ஷெட்டுக்கு அசல் ஸ்பேனர் கேட்டு ஒரு மடல்

ஊட்டியில் உள்ள எங்கள் ஹோட்டலின் நிர்வாகத்தாருக்கும் பர்ச்சேஸ் பிரிவினருக்கும் வணக்கம்.

சிலிண்டர் வைக்கும் கேஸ் ஷெட்டுக்குப் பொறி பறக்காத அசல் ஸ்பேனர் வேண்டுமென்று நவம்பரிலிருந்து மூன்று முறை எழுதிக் கொடுத்த அதே விஷயம்தான். பழைய கதை உங்களுக்கே தெரியும்; போன செவ்வாய் விடியற்காலை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

புல்லெல்லாம் உறைபனி. இந்தக் குளிரில் சிலிண்டரில் கேஸ் ஒழுங்காக ஆவியாவதில்லை. பாதி தீர்வதற்குள் அடுப்பு சோர்ந்துவிடும், கிச்சனிலிருந்து போன் வரும். மே மாதத்தில் நாள் கணக்கில் ஓடும் சிலிண்டர் செட்டை ஜனவரியில் ஒரே ராத்திரியில் இரண்டு தடவை மாற்றுகிறோம். நாலரை மணிக்கு பிக்டெயில் (சிலிண்டரைக் குழாயோடு இணைக்கும் டியூப்) நட்டைக் கழற்றும்போது விரல் மரத்துப்போய் ஸ்பேனர் நழுவியது. கீழே கருங்கல் தரை. மின்மினி மாதிரி ஒரு பொறி.

கேஸ் கசிந்திருக்கவில்லை, அதனால்தான் இந்த மடலை எழுத நான் இருக்கிறேன். எல்பிஜி காற்றைவிடக் கனம். கசிந்தால் அந்தத் தரையில்தான் தேங்கும். விருந்தினர் கண்ணில் படக் கூடாதென்று ஷெட்டுக்கு மூன்று பக்கமும் தகரம் வேறு அடித்திருக்கிறீர்கள்.

'பெரிலியம் காப்பர்', அதாவது பொறி பறக்காத செம்புக் கலவை, என்று பில் போட்டு அக்டோபரில் வந்த ஸ்பேனர் அது. விடிந்ததும் கேன்டீன் ஃபிரிட்ஜில் இருந்த காந்தத்தை எடுத்து வைத்தேன், டக்கென்று பிடித்துக்கொண்டது. அசலில் காந்தம் ஒட்டாது. அப்புறம் அரத்தால் இரண்டு இழு இழுத்தேன். செம்புப் பூச்சுக்கு அடியில் இரும்பு பல்லிளித்தது.

பர்ச்சேஸில் கேட்டால், "கலர் ஒன்றுதானே?" என்றார்கள். அப்படியானால் கவரிங் வளையலை அடகுக் கடைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள்.

அசலில் பெரிலியம் 2 சதவீதம் அளவுதான், மீதி பெரும்பாலும் செம்பு. ஆனால் நன்றாகச் சூடாக்கி, நீரில் குளிர்வித்து, திரும்ப 315 டிகிரி செல்சியஸ் அளவில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் எஃகுக்கு நிகராக இறுகிவிடும். நட்டை முறுக்கினால் வாய் விரியாது, கல்லில் விழுந்தாலும் கேஸைப் பற்றவைக்கும் சூட்டில் பொறி பறக்காது. இந்த இரண்டும் ஒரே உலோகத்தில் கிடைப்பதால்தான் அந்த விலை. மின்சாரமும் ஓரளவு நன்றாகக் கடத்தும் என்பதால் ரிலே, கனெக்டர்களில் ஸ்பிரிங்காகவும் இதைத்தான் போடுகிறார்கள்.

எங்களிடம் மிச்சமிருக்கும் ஒரே அசல் ஸ்பேனரின் வாய் தேய்ந்து நட்டில் வழுக்குகிறது. அதை கிரைண்டரில் பிடித்துச் சரிசெய்யச் சொன்னீர்கள். மாட்டேன். கையில் பிடித்தால் ஒன்றும் இல்லை, ஆனால் பெரிலியம் தூள் மூச்சில் போனால் நுரையீரல் நோய் வரும். வருடங்கள் கழித்துக்கூட வரும்.

லாபி கணப்புக்குப் போன மாதம் பித்தளைத் தடுப்பு போட்டீர்கள். அதிலும் காந்தம் வைத்துப் பார்த்தேன், அசல் பித்தளை! சரி, அது என் வேலை இல்லை.

தயவுசெய்து இரண்டு அசல் பெரிலியம் காப்பர் ஸ்பேனர், மெட்டீரியல் டெஸ்ட் சர்டிபிகேட்டோடு வாங்கித் தாருங்கள். பணம் இடித்தால், அதே மாதிரி பொறி பறக்காத அலுமினியம் பிரான்ஸ் (அலுமினியம் கலந்த செம்பு) ஸ்பேனர் போதும். கொஞ்சம் மென்மை, சீக்கிரம் தேயும், பரவாயில்லை. பூச்சுப் பூசிய இரும்பு மட்டும் வேண்டாம்.

அந்த ஸ்பேனரை ஸ்டோர் மேஜைமேல் வைத்திருக்கிறேன். காந்தம் இன்னும் அதில்தான் ஒட்டியிருக்கிறது.

இப்படிக்கு,
மெயின்டனன்ஸ் ஃபிட்டர், இரவு ஷிப்ட்